தம்பியின் காலுக்கு ஒரு வைரஸ்

சிங்கப்பூர் போய்வந்தேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்னென்ன பாத்தீங்க?" என்பதுதான். முதல் மூன்று வாரம் என் தம்பியின் இடது காலை மட்டும்தான் பார்த்தேன் என்று பதில் சொன்னால் யாருக்கும் ருசிப்பதில்லை. ஆனால் உண்மை அதுதான். அந்தக் கால் இன்றும் அவனிடமே இருப்பதால்தான் இதை இப்படி நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

நான் புதுக்கோட்டைக்காரன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். தம்பி இளங்கோ சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மழை ஈரத்தில் படி வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். தைத்த இடத்தில் சீழ் கட்டியது. திறந்து கழுவினார்கள். மறுபடியும் கட்டியது. "வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தபோது, குடும்பத்தில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். ஒரு காலத்தில் துபாய்க்குப் போகலாம் என்று எடுத்து, போகாமல் விட்டது. தம்பி மனைவி செல்வி கைக்குழந்தையோடு பேருந்து நிலையம் வரை வந்தாள். "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க மாமா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இளங்கோ இருந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பு மஞ்சள் நிற அங்கி ஒன்றையும் கையுறையையும் மாட்டிவிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்களுக்கான தனி அறை அது. இரண்டே கட்டில்கள். ஒன்றில் இளங்கோ. மற்றதில் ஒரு சீனப் பெரியவர், கோ என்று பெயர். என்னைக் கண்டதும் இளங்கோ எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை. "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்டான். கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். கையுறையைத் தாண்டியும் சூடு தெரிந்தது.

மாலையில் அறுவை மருத்துவர் வந்தார். மெதுவான ஆங்கிலம். பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர் தாதி கோமளா, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சு அங்கிள். ஸ்ட்ராங் மருந்து எல்லாம் குடுத்து பாத்துட்டாங்க, கேக்கல. ரத்தத்துல ஏறிட்டா உயிருக்கே டேஞ்சர். டாக்டர் பத்து நாள் டைம் குடுக்குறாங்க. அதுக்குள்ள அடங்கலைன்னா..." கோமளா தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

இளங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

நான் தங்கியது ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில். கட்டில் போக மீதி இடத்தில் ஒரு ஆள் திரும்பலாம். கீழே வரிசையாக இரும்புக் கடைகள்: குழாய், வால்வு, சங்கிலி, நட்டு போல்ட்டு. வேறு சமயமாக இருந்தால் ஒவ்வொரு கடை வாசலிலும் அரை மணி நேரம் நின்றிருப்பேன். மறுநாள் காலை ஒரு காப்பிக் கடையில் காப்பி கேட்டேன். கன்னங்கரேலென்று பால் இல்லாமல், சர்க்கரையும் இல்லாமல் வந்தது. பின்னால் நின்றவர் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னதன் பலன். நன்றாகச் சொல்கிறோமே என்று பெருமையாக வேறு இருந்தது. கசப்பை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அன்றைக்குத்தான் வைரஸ் பேச்சு வந்தது.

தொற்றுநோய் மருத்துவர் ஒருவரும், அவருடன் ஹஸீனா என்ற பெண்ணும் வந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். தலையில் சாம்பல் நிற முக்காடு, தோளில் ஒரு துணிப்பை. பூர்வீகம் நாகூர், தாத்தா காலத்திலேயே சிங்கப்பூரில் கடை வைத்த குடும்பம். குவீன்ஸ்டவுன் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இளங்கோவின் காலில் இருந்த கிருமியை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டுபோய், அதைக் கொல்லக்கூடிய வைரஸைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். கிடைத்தால், சிறப்பு அனுமதி பெற்று அவன் உடம்பில் செலுத்துவார்கள். அதற்கு அவன் சம்மதிக்க வேண்டும்.

"வைரஸா?" என்றான் இளங்கோ. அதுவரை சோர்ந்து கிடந்தவன் குரலில் ஒரு கூர்மை வந்தது. "கோவிட் டைம்ல நான் டார்மிட்டரில இருந்தேன்மா. ரூமுக்குப் பன்னெண்டு பேரு. வைரஸ்னு சொல்லித்தான் உள்ள வச்சுப் பூட்டுனாங்க. எங்க பக்கத்துப் பெட்காரன ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வருவானா மாட்டானான்னு தெரியாம நாங்க பதினொரு பேரும் கதவையே பாத்துட்டு இருந்தோம். இப்ப அதையே ஊசில ஏத்திக்கன்னு சொல்றீங்க. கால வேணா எடுத்துக்குங்க. வைரஸு வேணாம்."

மருத்துவர் ஹஸீனாவைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்து பெட் அண்ணா திரும்பி வந்தாரா?"

"வந்தான். இப்ப துவாஸ் பக்கம் வேலைல இருக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, நீங்க பயப்படுறது ரைட்டுதான். நானும் பயந்தேன். ஆனா வைரஸ்னா எல்லாமே ஒண்ணு இல்ல. அது எங்க வேணாலும் நுழைய முடியாது. அதுக்குன்னு ஒரு வாசல் இருக்கணும். கோவிட் வைரஸுக்கு நம்ம செல்லுல ஒரு வாசல் கெடைச்சுச்சு, உள்ள வந்துச்சு. நாங்க தேடுறது பாக்டீரியாவ மட்டும் பிடிக்கிற வைரஸ். ஃபேஜ்னு சொல்வோம். அதுக்கு மனுஷ ஒடம்புல வாசலே கெடையாது. பாக்டீரியாலயும் எல்லாம் ஆகாது, ரொம்ப சூஸி லா. உங்க கால்ல இருக்கிறது சூடோமோனாஸ்னு ஒரு வகை பாக்டீரியா. அதுக்குப் பொருந்துற ஃபேஜ் பக்கத்து பெட் அங்கிளோட கிருமியக்கூட தொடாம போகலாம்."

"பிடிச்சு என்ன பண்ணும்?" நான் கேட்டேன்.

"மேல ஒட்டிக்கிட்டு தன்னோட மரபணுவ உள்ள விடும். அவ்வளவுதான். உள்ள போனதும் பாக்டீரியா தன் வேலைய விட்டுட்டு வைரஸ காப்பி எடுக்க ஆரம்பிச்சிடும். கொஞ்ச நேரத்துல நிறைஞ்சு வெடிச்சிடும். வெளிய வர்றதெல்லாம் அடுத்த பாக்டீரியாவத் தேடிப் போகும். தேட பாக்டீரியா இல்லன்னா ஃபேஜும் ஒடம்புல நிக்காது, போயிடும்."

இளங்கோ யோசித்தான். "எங்கேருந்து பிடிக்கிறீங்க இத?"

ஹஸீனா முதல்முறையாகத் தயங்கினாள். "அது... கழிவுத் தண்ணிலேருந்து. சூவேஜ். பாக்டீரியா எங்க அதிகமோ அங்கதான் ஃபேஜும் அதிகம். க்ளீன் பண்ணித்தான் குடுப்போம், ஓகே?"

இளங்கோ என்னைப் பார்த்தான். உதடு துடித்தது. பிறகு சிரித்துவிட்டான். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தானோ, இருமல் வந்துவிட்டது. "அண்ணே! உன் ஆபீஸ்லேருந்துதான் மருந்து வருது!"

என் வேலை என்னவென்று சொன்னேன். ஹஸீனாவின் கண்கள் விரிந்தன. இருபது வருஷத்தில் என் வேலையைக் கேட்டு முகம் மலர்ந்த முதல் ஆள் அவள்தான். எந்த இடத்தில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன். உள்ளே வந்து விழுகிற இடத்தில் என்றாள். சரிதான், அங்கேதான் எல்லாம் உயிரோடு இருக்கும்.

"வேலை செய்யும்னு ப்ராமிஸ் பண்றீங்களா?" என்று இளங்கோ கேட்டான்.

"மாட்டேன் அண்ணா. கெடைக்குமான்னே இன்னும் தெரியாது. கெடைச்சா ட்ரை பண்ணலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அந்தப் பதில்தான் அவனைக் கையெழுத்துப் போட வைத்தது என்று பின்னால் சொன்னான்.

அடுத்த நாட்களில் எனக்கு ஒரு தினசரி ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் சிராங்கூன் சாலையில் இரண்டு பரோட்டா. அங்கே பிராட்டா என்கிறார்கள். நம் ஊர் பரோட்டாவைவிட மெல்லிசு, சால்னாவுக்குப் பதில் பருப்பு கலந்த மீன் குழம்பு. பார்வையாளர் நேரம் முழுக்க தம்பியோடு. மாலையில் பூமாலைக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டி அறைக்கு நடை. தமிழ்ப் பாட்டு, தமிழ்ப் பலகை, மல்லிகை வாசனை. கண்ணை மூடினால் திருச்சி பெரிய கடைவீதி. ஆனால் கண்ணைத் திறந்தால் சாக்கடை வாசனை இல்லை. தொழில் புத்தி யாரை விட்டது? நான் நடந்ததெல்லாம் தரையைப் பார்த்துத்தான். பெரிய மழை ஒன்று கொட்டி நின்ற பிறகு ரோச்சோர் கால்வாய் ஓரம் நின்று பார்த்தேன். அத்தனை தண்ணீரும் சத்தமில்லாமல் வடிந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த மழைக்கு எனக்கு மூன்று நாள் தூக்கம் போயிருக்கும்.

கோ பெரியவர் முன்னாள் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயால் பாதத்தில் புண். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு என்பதால் நன்றாகப் பேச முடிந்தது. ஆய்வகத்துக்கு வந்து பார்க்கலாம் என்று ஹஸீனா சொல்லியிருந்தாள். குவீன்ஸ்டவுனுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். கோ உற்சாகமாகி ஒரு காகிதத்தில் பேருந்து எண்ணும் நிறுத்தங்களும் எழுதிக் கொடுத்தார். "எட்டு வருஷம் ஓட்டினேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்" என்றார். ஏறினேன். முக்கால் மணி நேரம் கழித்து கடல் தெரிந்தது. ஓட்டுநரிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், இந்த வழியை மாற்றிப் பல வருஷம் ஆச்சு." நான் இறங்கி, ரயில் ஏறி, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். கோவிடம் கடைசிவரை சொல்லவில்லை. "சுலபமா போனியா?" என்று கேட்டார். "ரொம்ப சுலபம்" என்றேன்.

ஆய்வகத்துக்குள் என்னை விடவில்லை; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஹஸீனா உள்ளங்கை அளவு வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் இளங்கோவின் கிருமி, பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாகப் பரவியிருந்தது. அதன்மேல் வேறு வேறு வைரஸ்களைச் சொட்டுச் சொட்டாக வைத்திருக்கிறார்கள். எந்தச் சொட்டு வேலை செய்கிறதோ அந்த இடத்தில் பனி விலகி ஓட்டை மாதிரித் தெளிவாகும்.

எல்லாத் தட்டுகளும் மங்கலாகவே இருந்தன.

வெளியே வந்து ஹஸீனா முகக்கவசத்தைக் கழற்றினாள். "எங்ககிட்ட இருந்த எல்லாத்தையும் ட்ரை பண்ணியாச்சு. நேத்து புதுசா தண்ணி எடுத்துட்டு வந்திருக்கோம். அதுல தேடிட்டு இருக்கோம்." சற்று நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?" என்றாள். பக்கத்துக் குடியிருப்பின் கீழே இருந்த உணவு மையத்தில் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். பசியில் இலையை வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான், அவள் தன் தட்டைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

"எங்க அத்தாவுக்கு இதே மாதிரிதான்" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "நுரையீரல்ல. அப்ப இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வேற எதையோ படிச்சிட்டு இருந்தேன்."

தேநீர் வாங்கிவந்து, அது ஆறும்வரை இருவரும் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாஞ்சாங்கில் விருந்து. இளங்கோவுக்கு முன்பு மேற்பார்வையாளராக இருந்த கணேசன், "அவனுக்கு வேற அண்ணன் இங்க யாரு இருக்கா? நான்தான். அப்ப நீங்க எனக்கும் அண்ணன்" என்று சொல்லி அழைத்திருந்தார். தம்பியும் போய்வரச் சொன்னான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கும் அலுத்திருக்கும்.

புக்கிட் பாஞ்சாங்கில் ஓட்டுநர் இல்லாத ஒரு குட்டி ரயில் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, மூன்றாம் மாடி உயரத்தில், வட்டமாகச் சுற்றி வருகிறது. முன்பக்கக் கண்ணாடி ஓரமாக நின்றுகொண்டேன். திடீரென்று பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாக மங்கிவிட்டன. எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே நின்ற பெண்மணி, மலாய்க்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "பயப்படாதீங்க. வீடுங்க பக்கத்துல வரும்போது கண்ணாடி தானா மங்கும். மத்தவங்க படுக்கையறைய நாம எட்டிப் பாக்கக் கூடாதில்ல?" எட்டிப் பார்க்காமல் இருக்க ரயிலுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. ஹஸீனா.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"ரயில்ல."

"உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுட்டு இருக்கேன். சொல்லுமா."

"கெடைச்சிருச்சு. புதுத் தண்ணிலேருந்து ஒண்ணு. சட்டை பட்டன் சைஸ்ல க்ளியரா ஒரு ஓட்டை. மூணு தடவ செக் பண்ணிட்டேன். உங்க தம்பியோட கிருமிய அது சாப்பிடுது அண்ணா!"

உடனே செல்வியைக் கூப்பிட்டேன். ஜன்னல்கள் தெளிந்தன, மங்கின, மறுபடி தெளிந்தன. இறங்க வேண்டிய நிலையம் போனது. அது மறுபடியும் வந்தது. அப்போதும் நான் செல்வியோடு பேசிக்கொண்டிருந்ததில் கதவு மூடிவிட்டது. அந்த ரயில் எங்கும் போய்விடாது, சுற்றித்தான் வரும் என்று தைரியம் வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் இறங்கினேன். கணேசன் நிலைய வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "என்னண்ணே, நீங்க ரெண்டு வாட்டி கண்ணாடிக்குள்ள சிரிச்சிட்டே போறீங்க, நான் கை காட்டிட்டே நிக்கிறேன்!" அவர் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.

வைரஸ் கிடைத்ததும் மறுநாளே ஏற்றிவிட முடியாது. பெருக்க வேண்டும், கழிவு நஞ்சு எதுவும் ஒட்டியிருக்காதபடி சுத்தம் செய்ய வேண்டும், அனுமதித் தாள்கள் வர வேண்டும். அறுவை மருத்துவர் அறுவைச் சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தார். "அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்" என்றார். ஹஸீனாவின் குழு வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தது என்று கோமளா சொன்னார்.

மருந்து வந்த நாள் நான் எதிர்பார்த்தது போல ஒன்றுமில்லை. சின்னப் பையில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். காலில் வைத்த குழாய் வழியாகக் கொஞ்சம், கையில் நரம்பு வழியாகக் கொஞ்சம். கூடவே வழக்கமான மருந்துகளும். கோ பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். இளங்கோ கண்ணை இறுக மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்திருந்தான்.

அன்று மதியம் அவனுக்கு நடுக்கம் வந்தது. காய்ச்சல் ஏறியது. பல் கிட்டிக்கொண்டது. "வைரஸு வேலையக் காட்டிருச்சுண்ணே" என்று திக்கித் திக்கிச் சொன்னான். நான் கத்தியே விட்டேன். கோமளா ஓடிவந்தார், மருத்துவர் வந்தார். "பாக்டீரியா மொத்தமா வெடிக்கும்போது இப்படி வரலாம்னு முன்னாடியே சொன்னாங்க அங்கிள். பாத்துக்கிறோம், நீங்க உக்காருங்க." ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். பார்வையாளர் நேரம் முடிந்தும் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் சட்டை நனைய வேர்த்தது. நெற்றியில் கை வைத்தேன். ஒரு மாதமாகச் சூடாகவே இருந்த நெற்றி குளிர்ந்திருந்தது.

"பசிக்குதுண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் காய்ச்சல் இல்லை. சீழ் குறைந்தது. நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆறாம் நாள் ஹஸீனா வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"காயத்துலேருந்து எடுத்த சாம்பிள்ல மறுபடி கொஞ்சம் கிருமி வந்திருக்கு. இந்தத் தடவ ஃபேஜ் அத தொட மாட்டேங்குது. வாசல மாத்திக்கிச்சு."

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். "அப்ப அவ்வளவுதானா?"

"தெரியல. இன்னொரு டெஸ்ட் போட்டிருக்கேன். நாளைக்குத் தெரியும். ஒரு சான்ஸ் இருக்கு, ஆனா இப்ப சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஒரு நாளைப் பற்றி எழுத எதுவும் இல்லை. தம்பியிடம் சொல்லவில்லை. "மறைக்காம சொல்லிடுங்க மாமா" என்று கேட்டுக்கொண்ட செல்வியிடமும் சொல்லவில்லை. அதற்காக இன்னும் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் ஹஸீனா படியேறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. முக்காடு ஒரு பக்கம் நழுவியிருந்தது.

"அண்ணா, நீங்க பம்பு ஆபரேட்டர், உங்களுக்குப் புரியும். இந்தக் கிருமிக்கு மேல ஒரு பம்பு இருக்கு. நாம குடுக்கிற மருந்து உள்ள வந்ததும் அந்தப் பம்பு வெளிய தள்ளிடும். அதனாலதான் எந்த மருந்தும் கேக்கல. நம்ம ஃபேஜ் நுழையற வாசலே அந்தப் பம்புதான். ஃபேஜ் கிட்டேருந்து தப்பிக்கணும்னா கிருமி தன்னோட பம்ப உடைச்சுக்கணும். உடைச்சுக்கிச்சு! இப்ப மருந்து உள்ள போனா வெளிய தள்ள முடியாது. முன்னாடி கேக்காத பழைய மருந்துக்கே சாகுது. தட்டுல பாத்துட்டேன், டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன்."

எனக்கு அது உடனே புரிந்தது. பம்பு நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. நான் எழுந்து நின்றேன். கை கூப்பினேன். அவள் "ஐயோ அண்ணா, என்ன இது" என்று பதறினாள். பிறகு அவளும் அழுதாள். வராந்தாவில் போன ஒரு சீனத் துப்புரவுப் பெண் நின்று, துக்கச் செய்தி என்று நினைத்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அறுவை மருத்துவர் வந்து தாளில் ஏதோ அடித்துவிட்டு எழுதினார். கோமளா மொழிபெயர்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை ரத்து.

அன்று மாலைதான் நான் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். தலையை நிமிர்த்தி நடந்தேன். தேக்கா சந்தையில் வெற்றிலை, முருங்கைக்காய், பச்சை நண்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டேன், ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மீன் தலைக் குழம்பு. கோயில் வாசலில் கூட்டம், நின்று கும்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானதால் புல்வெளியெங்கும் நம் பையன்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து போனில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சத்தமாகச் சொன்னது காதில் விழுந்தது: "எனக்கு என்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்." எந்த ஊர்ப் பையனோ. நன்றாகவே இருக்கட்டும்.

இளங்கோவுக்கு இன்னும் பல மாதம் மருந்து இருக்கிறது. ஒடிந்த எலும்பு சேர வேண்டும். வைரஸ் எல்லோருக்கும் இப்படிப் பலிக்காது என்று ஹஸீனா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். கோ பெரியவரின் கிருமிக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, தேடுகிறார்கள். நான் கிளம்புவதாகச் சொன்னபோது அவர், ஊருக்குப் போக எந்தப் பேருந்து என்று எழுதித் தரவா என்று கேட்டுக் கண்ணடித்தார். அப்படியென்றால் அந்தக் காகித விஷயம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நடைப் பயிற்சி கொடுப்பவர் வந்தார். நான்கு கால் சட்டம் ஒன்றைக் கட்டிலோரம் வைத்தார். இடது காலை ஊன்றக் கூடாது, வலது காலில் எழுந்து நின்றால் போதும் என்றார். இளங்கோ சட்டத்தைப் பிடித்தான். கோமளா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

அந்த மூன்றரை வாரமும் நான் அவனைக் குனிந்தேதான் பார்த்திருந்தேன். படுக்கையில் கிடந்த முகம். தலையணை, போர்வை, அதற்குள் ஒரு சின்னப் பையன் போல. இப்போது அவன் முகத்தைப் பார்க்க நான் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. என்னைவிட அவன் நான்கு விரல் உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"என்னண்ணே அப்படிப் பாக்குற?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்லடா," என்றேன். "நில்லு. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."